இருட்டில் பரணுக்கு நடக்கும்போது விளக்கு: சிவப்பா, வெள்ளையா, ஒன்றுமே வேண்டாமா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. மிச்சிகனில் வேலை பார்க்கிறீர்கள், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து லைசென்ஸும், சுட்ட மானில் கட்டும் டேக்கும் வாங்கியாகிவிட்டது, நவம்பர் 15 காலை துப்பாக்கி சீசன் தொடங்கும்போது மத்திய மிச்சிகனில் கிளேர் என்ற ஊர்ப் பக்கம் அலுவலக நண்பரின் 40 ஏக்கரில் ஒரு மரப் பரணில் உட்காரப் போகிறீர்கள். நண்பர் சிவப்பு விளக்கு மட்டும் போடு என்கிறார். அவருடைய அப்பா விளக்கே கூடாது, மான் எல்லாம் ஓடிப்போகும் என்கிறார். கடையில் இருந்தவர் பச்சை விளக்கு ஒன்றை விற்கப் பார்த்தார். யார் சொல்வதைக் கேட்பது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம். விளக்கு போடுங்கள். மங்கலாக வைத்து, நாலைந்து அடி முன்னால் தரையில் விழுகிற மாதிரி போடுங்கள். நிறம் அதற்கு அப்புறம்தான். நண்பரின் அப்பா சொல்வதை நான் மறுக்கிறேன் என்பதற்காக அவருக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 40 ஏக்கரில் எந்த இடத்தில் மரம் விழுந்து கிடக்கிறது, எங்கே பழைய முள்கம்பி வேலி மண்ணில் புதைந்து ஒரு சுருள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். உங்கள் காலுக்குத் தெரியாது. அவருக்குச் சரியாக வருவது உங்களுக்குச் சரியாக வராது.

நேரக் கணக்கில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதி குழப்பம் அங்கேதான். நவம்பர் நடுவில் மத்திய மிச்சிகனில் சூரிய உதயம் ஏறக்குறைய ஏழரை மணி. மான் சுடுவதற்குச் சட்டப்படி நேரம் தொடங்குவது உதயத்துக்கு அரை மணி முன்பு, அதாவது ஏழு மணி வாக்கில். அரசு வெளியிடும் விதிப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு அட்டவணை இருக்கும், மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போட்டிருப்பார்கள், மேற்கே போகப் போக 6, 12, 18 நிமிடம் என்று கூட்டிக்கொள்ள வேண்டும், உங்கள் இடம் எந்த மண்டலம் என்று பார்த்துவிடுங்கள். ஏழு மணிக்கு முன்னால் அரை மணி நேரமாவது பரணில் அசையாமல் உட்கார்ந்தால்தான் நீங்கள் போட்ட சத்தம் அடங்கி காடு பழையபடி ஆகும். நடக்க இருபது நிமிடம் என்றால், ஆறு மணி தாண்டியதும் கிளம்ப வேண்டும். அந்த நேரம் கும்மிருட்டு. மேகம் மூடிய அமாவாசை என்றால் நீட்டிய கை தெரியாது.

இங்கே சட்டமும் குறுக்கே வருகிறது. மிச்சிகனில் விளக்கு அடித்து மான் தேடுவதை, வேட்டைக்காரர்கள் மொழியில் ஷைனிங் என்பதை, நவம்பர் மாதம் முழுக்கவே தடை செய்திருக்கிறார்கள், மற்ற மாதங்களிலும் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. ஆனால் வேட்டைக்காரர் தன் இடத்துக்கு நடந்து போகவும் திரும்பி வரவும் விலக்கு உண்டு: சுடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பும், அது முடிந்து ஒரு மணி நேரம் பின்பும், கையில் பிடிக்கிற அல்லது உடம்பில் மாட்டுகிற சாதாரண விளக்கு, துப்பாக்கியில் ஒரு குண்டும் இல்லாமல். குழாயிலும் சரி, குண்டுகள் அடுக்கும் மேகசீனிலும் சரி. ஏழு மணிக்குச் சுடும் நேரம் என்றால் ஆறு மணியிலிருந்து உங்களுக்கு விளக்கு பிரச்சினை இல்லை. நாலரை மணிக்கே போய் இடம் பிடிப்பேன் என்று கிளம்பி, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, காட்டு ஓரத்தில் டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்தீர்கள் என்றால் வனக் காவலர் வந்து கேட்கும்போது விளக்கம் சொல்வது கஷ்டம். மற்ற மாநிலங்களில் விதி வேறு மாதிரி, ஓஹையோவிலோ விஸ்கான்சினிலோ வேட்டைக்குப் போனால் அங்குள்ள அந்த வருடப் புத்தகத்தைப் படியுங்கள்.

ஒரு விஷயம் பக்கவாட்டில். நம் ஊரில் வளர்ந்தவர்களில் பலருக்கு ராத்திரி நெற்றியில் பேட்டரி லைட் கட்டிக்கொண்டு முயலுக்குப் போன பெரியப்பா ஒருவர் இருப்பார். வெளிச்சம் கண்ணில் விழுந்ததும் முயல் நின்றுவிடும், அதுதான் அதில் சூட்சுமமே. அங்கே அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர் மானுக்கு அதையே செய்தாலும் குற்றம். விளக்கை வழி பார்க்க மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்பது பார்க்கிற யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். தரையைப் பார்த்து அடிக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, மானின் கண்ணுக்கு வருவோம். வெள்ளைவால் மானுக்கு நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. ஒன்று நீலத்தில் 450 முதல் 460 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் உச்சம், இன்னொன்று பச்சையில் 537 பக்கம். சிவப்புக்கென்று நம்மிடம் இருக்கும் மூன்றாவது வகை அதனிடம் இல்லை. அதனால் சிவப்பு மானுக்குக் கறுப்பு மாதிரி, மங்கலாகத் தெரியும். இருட்டில் வேலை செய்யும் தண்டு செல்களின் உச்சம் 497 பக்கம், அதுவும் நீலப்பச்சை. நம் கண்ணின் வில்லை புற ஊதாவை வடிகட்டிவிடுகிறது, மானுடையது உள்ளே விட்டுவிடுகிறது. விழித்திரைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் படலம் வேறு, ஒருமுறை தப்பிய ஒளியைத் திருப்பி அனுப்பி இன்னொருமுறை பிடிக்க வைக்கும், ராத்திரி மான் கண் மின்னுவது அதனால்தான். கண்மணி படுக்கைவாட்டில் நீளம், இரண்டு கண்ணும் தலையின் பக்கவாட்டில், சுற்றிலும் சுமார் 300 டிகிரி பார்வை. கூர்மையில் நம்மைவிடக் குறைவுதான், ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் அசைவைப் பிடிப்பதிலும் நாம் கிட்டவே போக முடியாது.

இதை வைத்து கடைக்காரர்கள் சொல்லும் மூன்று கதைகளைப் பார்க்கலாம். "சிவப்பு மானுக்குத் தெரியவே தெரியாது." தப்பு. சாதாரண சிவப்பு எல்இடி 620, 630 நானோமீட்டர் பக்கம் எரிகிறது. அந்த 537 கூம்பின் உணர்வு சரிந்து சரிந்து அங்கேயும் கொஞ்சம் எட்டும், தண்டு செல்லும் அப்படித்தான். மங்கிய சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது என்று சொல்லலாம், மரம் மேலேயெல்லாம் அடிக்கிற பவர்ஃபுல் சிவப்பு விளக்கு தெரியும். "பச்சைதான் வேட்டைக்காரன் விளக்கு." டெக்சாஸில் ராத்திரி காட்டுப்பன்றிக்குப் போகிறவர்கள் பச்சை விளக்கு நிறைய வைத்திருப்பார்கள், அது மனிதக் கண்ணுக்குப் பச்சையில் தூரம் நன்றாகத் தெரியும் என்பதற்காக. மானுக்குப் பச்சை கூம்பின் உச்சியிலேயே விழுகிறது. மானிடமிருந்து ஒளிந்துகொள்ளப் பச்சை என்பதில் அர்த்தமே இல்லை, அந்த விளக்கை நீங்கள் வாங்காதது நல்லது. "நீல விளக்கில் இரத்தம் நன்றாகத் தெரியும்." நடந்து போகும்போது நீலத்தைத் தொடவே தொடாதீர்கள், மானின் கண் நம்மைவிட நன்றாகப் பார்க்கும் நிறமே அதுதான். அதே காரணத்துக்காக, சில்லென்று நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடியைவிட மஞ்சள் சாய்ந்த வெள்ளை நல்லது.

மானுக்கு விளக்கு தெரியுமா என்பது ஒரு கேள்வி, தெரிந்தால் ஓடுமா என்பது வேறு கேள்வி. எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். கிளேர் பக்கத்து மான் ராத்திரி முழுக்க சோளக்காட்டு ஓரத்தில் நின்று கார் விளக்கு, டிராக்டர் விளக்கு, வீட்டு வாசல் விளக்கு எல்லாம் பார்த்துக்கொண்டே மேய்கிறது. தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் மெதுவாக ஒரே சீராக நகர்ந்து போனால், நான் பார்த்தவரை, தலையைத் தூக்கிப் பார்க்கும், காதை ஒருமுறை திருப்பும், மறுபடி குனிந்துவிடும். ஓட வைப்பவை வேறு. சுள்ளி முறிகிற சத்தம். இரும்பு ஏணியில் துப்பாக்கி இடிக்கிற சத்தம், அது அரை மைல் போகும். ஒளிக்கற்றை மரங்களுக்கு நடுவே சாட்டை மாதிரி வீசுவது. எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் வாடை. விளக்கே போடாமல் இருட்டில் தட்டித் தடவி, முள்ளில் மாட்டி, தடுமாறி விழுந்து, வேர்த்து வழிந்து பரணுக்குப் போய்ச் சேர்கிறவர், மங்கல் விளக்கோடு அமைதியாகப் போகிறவரைவிட அதிக மானைக் கலைக்கிறார். எனக்கு இதில் சந்தேகமே கிடையாது.

இனி உங்கள் கண். இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிரகாசமான வெள்ளை விளக்கை ஒரு நொடி பார்த்தால் போதும், அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இருட்டுப் பார்வையைத் தருகிற தண்டு செல்கள் சிவப்பை அதிகம் கண்டுகொள்வதில்லை, அதனால் மங்கிய சிவப்பில் பழக்கம் கலையாது. சிவப்பு விளக்கின் உண்மையான லாபம் இதுதான். மானை ஏமாற்றுவதற்கு என்று வாங்கினாலும் அது உங்கள் கண்ணைக் காப்பாற்றிக் கொடுக்கிறது, பரணில் ஏறி விளக்கை அணைத்த பிறகு முன்னால் இருக்கும் திறந்த வெளியில் ஏதாவது நகர்ந்தால் உங்களுக்குப் பிடிபடும். இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும், பழகிக்கொள்ளுங்கள்.

சிவப்பின் நஷ்டங்களையும் சொல்ல வேண்டும். சிவப்பு வெளிச்சத்தில் ஆழம் தெரியாது. பழுப்பு இலை, ஈர மண், குழி எல்லாம் ஒரே தட்டையான சாம்பல் சிவப்பாகத் தெரியும். வழி காட்ட யாராவது சிவப்பு அல்லது ஆரஞ்சு ரிப்பன் கட்டியிருந்தால் அது வெளிறிப்போய் மரப்பட்டையோடு கலந்துவிடும். காகித வரைபடத்தில் சிவப்புக் கோடு இருந்தால் காணாமலே போய்விடும். சமதரையில், தெரிந்த பாதையில், வானம் தெளிவாக இருந்தால் சிவப்பு போதும். நீங்கள் முதல்முறை போகும் இடம், நடுவில் ஓடை, விழுந்த மரங்கள் என்றால் 20, 30 லுமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) மஞ்சள் வெள்ளைதான் என் சிபாரிசு. கடையில் 1000 லுமென் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பெட்டியைத் திருப்பி, மிகக் குறைந்த நிலையில் எத்தனை லுமென் என்று பாருங்கள், அப்புறம் சுவிட்சை முதல்முறை அமுக்கும்போது எந்த நிலையில் எரிகிறது என்று பாருங்கள். சில விளக்குகள் உச்ச வெளிச்சத்தில் ஆரம்பித்துத்தான் மங்கலுக்கு வரும், சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்டது வேண்டவே வேண்டாம்.

நெற்றியில் கட்டுவதா, கையில் பிடிப்பதா? இரண்டும் வேண்டும், ஆனால் நடக்கும்போது நான் கையில் பிடிப்பதையே விரும்புகிறேன். நெற்றி விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நிழல் விழுவது உங்களுக்குத் தெரியாது, வேரும் கல்லும் தரையோடு தரையாகத் தெரியும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஒவ்வொரு வேருக்கும் பின்னால் ஒரு நிழல் நீளும், கால் தானாகத் தூக்கி வைக்கும். நவம்பர் குளிரில் இன்னொரு தொல்லை, மூச்சு விடும்போதெல்லாம் வெளிவரும் ஆவி நெற்றி விளக்கில் பளீரென்று வெள்ளையாகி முகத்துக்கு நேரே நிற்கும், இரண்டு அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எங்கோ சுள்ளி முறிந்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள், கூடவே ஒளியும் காடு முழுக்க ஒரு சுற்று சுற்றி வரும். எதிரே மனிதர் வந்தால் அவர் முகத்திலேயே அடிப்பீர்கள்.

ஆனால் பரண் ஏற நெற்றி விளக்குதான். பரண் வேட்டையில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் விழுந்துதான். பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டி, மரத்தில் தொங்கும் உயிர்க்கயிற்றின் முடிச்சில் கொக்கியைக் கோத்து, இரண்டு கையும் ஏணியில் இருக்க, ஒவ்வொரு படியிலும் உறைபனி இருக்கிறதா என்று பார்த்து ஏற வேண்டும். இந்த மூன்று நிமிடம் மானைப் பற்றி யோசிக்காதீர்கள், வெள்ளை விளக்கை வேண்டிய அளவு போட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்து, கொக்கியை இழுத்துப் பார்த்து, அப்புறம் குண்டு இல்லாத துப்பாக்கியைக் கயிற்றில் மேலே இழுத்து, அதற்குப் பிறகு விளக்கை அணையுங்கள். குண்டு போடுவது சுடும் நேரம் வந்த பிறகு.

ஃபோன் விளக்கைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வெளிச்சம் எல்லாப் பக்கமும் கொட்டும், ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், கையுறையோடு அணைக்க முடியாது, திரை உங்கள் முகத்தையே விளக்காக்கிவிடும், குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த பேட்டரி சட்டென்று செத்துப்போகும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வையுங்கள், வழி தவறினால் உதவிக்குக் கூப்பிட அது வேண்டும். விளக்குக்குச் சாதாரண அல்கலைன் செல்களைவிட லித்தியம் செல் குளிரில் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். மாற்று செல்லைப் பையின் அடியில் போடாமல், இருட்டில் தடவினால் கிடைக்கிற ஒரே ஒரு பாக்கெட்டில் வையுங்கள். அதைவிட நல்லது இரண்டாவதாக ஒரு சின்ன விளக்கு, ஏனென்றால் முதல் விளக்கு அணைந்தால் செல் மாற்றுவதற்கே வெளிச்சம் வேண்டும்.

இப்போது, நான் முக்கியமாக நினைக்கிற விஷயம், மற்ற மனிதர்கள். நவம்பர் 15 மிச்சிகனில் சாதாரண நாள் இல்லை. வடக்கே சில பள்ளிகளுக்கு அன்று விடுமுறையே விடுகிறார்கள், லட்சக்கணக்கானவர்கள் ஒரே காலையில் காட்டுக்குள் போகிறார்கள். எல்லோரும் ஆரஞ்சு போட்டிருப்பார்கள், சட்டம் அப்படி. ஆனால் அந்த ஆரஞ்சு பளிச்சென்று தெரிவது பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாவையும் நீலத்தையும் உள்வாங்கி ஆரஞ்சாக உமிழ்வதால். பகல் இல்லாதபோது உமிழ ஒன்றும் கிடையாது. காலை ஆறரை மணிக்கு உங்கள் ஆரஞ்சுச் சட்டையும் ஒரு மரமும் ஒன்றுதான். சுடும் நேரம் வரவில்லையே, யார் சுடப்போகிறார்கள் என்று கேட்கலாம். சட்டத்தை மதிக்கிறவர் சுடமாட்டார். மதிக்காதவர், அவசரக்காரர், கடிகாரம் பார்க்காதவர் என்று ஒருவர் போதும். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் இருட்டில் நடக்கும்போது விளக்கு வைத்துக்கொள் என்று சொல்லித் தருவது இதற்குத்தான். மானுக்கு விளக்கு கிடையாது, விளக்கோடு நகர்வது மனிதன், அரைத் தூக்கத்தில் இருப்பவனுக்கும் அது புரியும்.

நண்பரின் 40 ஏக்கர் தனியார் நிலம்தானே, அங்கே யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். 40 ஏக்கர் சதுரம் என்றால் ஒரு பக்கம் கால் மைல்தான். நாலு பக்கமும் பக்கத்து நிலத்துக்காரர்களின் பரண்கள் இருக்கும், சிலர் வேலியை ஒட்டியே போட்டிருப்பார்கள். முந்தைய நாள் பகலில் போய் அவை எங்கே என்று நண்பரைக் காட்டச் சொல்லுங்கள். அவருடைய அப்பா எந்தப் பரணில், எந்த வழியாக எத்தனை மணிக்குப் போவார், தம்பி எங்கே உட்காருவார் என்பதும் தெரிய வேண்டும். ஹ்யூரான் மேனிஸ்டீ தேசியக் காடு மாதிரி பொது நிலத்துக்குப் போனால் இது இன்னும் முக்கியம், அங்கே மங்கலாக, ஒளிந்து போக வேண்டிய அவசியமே இல்லை, நன்றாகத் தெரிகிற வெள்ளை விளக்கோடு போங்கள். எதிரே இன்னொரு விளக்கு வந்தால் நின்று, உங்கள் ஒளியைத் தரையில் இறக்கி, சாதாரணக் குரலில் "மார்னிங்" என்று சொல்லுங்கள். கையை வீசிக் காட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள். நீங்கள் பரணில் உட்கார்ந்த பிறகு யாராவது விளக்கோடு உங்கள் பக்கமே வந்தால், உங்கள் விளக்கைத் தரை நோக்கி ஒருமுறை போட்டு அணையுங்கள், புரிந்துகொண்டு வேறு பக்கம் போவார். அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

வழி அடையாளத்துக்குக் கடைகளில் ஒளி திருப்பும் சின்னக் குண்டூசிகள் விற்கிறார்கள், மரத்தில் குத்தி வைத்தால் மங்கலான விளக்குக்கும் நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போகும் என்பதால் விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மின்னுவது தெரியும், கையில் இருக்கும் விளக்கை அவ்வப்போது கன்னத்தருகே தூக்கிப் பார்த்தால் போதும். மிச்சிகன் பொது நிலத்தில் மரத்துக்குள் இறங்கும் ஆணி, திருகு எல்லாம் சட்டச் சிக்கல், அதனால் துணி காயப்போடும் கிளிப்பில் ஒளி திருப்பும் நாடாவை ஒட்டி கிளைகளில் மாட்டுவது என் வழக்கம், சீசன் முடிந்ததும் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம். திரும்பும் இடத்தில் இரண்டு கிளிப் ஒன்றன்மேல் ஒன்று, நேராகப் போகும் இடத்தில் ஒன்று. பகலில் நடந்து பார்த்து மாட்டுங்கள், அப்படியே முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கிளைகளை வெட்டிவிடுங்கள், நண்பரிடம் கேட்டுவிட்டு. இருட்டில் கண்ணைக் குத்துவது அவைதான். நிறமில்லாத கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்வது எனக்குப் பழக்கம்.

போகும்போது முன்னால் இரண்டு கண் மின்னினால்? நிற்காதீர்கள். ஒளியைக் கண் மேலிருந்து இறக்கி, உங்கள் காலடிக்குக் கொண்டுவந்து, அதே வேகத்தில் நடந்துகொண்டே இருங்கள். நின்று உற்றுப் பார்ப்பது வேட்டை மிருகத்தின் செயல், மானுக்கு அது நன்றாகத் தெரியும். கடந்து போகிற எதையும் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வெளிச்சத்தில் நின்றுவிட்ட மானுக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது, இருட்டுக்கு விரிந்திருந்த கண் நிறைந்து போயிருக்கும், அது தெளிவதற்குள் நீங்கள் தாண்டிவிடலாம். கண்கள் மானுடையதாக இல்லாமலும் இருக்கலாம், பெரும்பாலும் ரக்கூன், ஒபாஸம் மாதிரி சின்ன மிருகங்கள், சில சமயம் நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க். கடைசிக்கு மட்டும் நன்றாக வழி விடுங்கள்.

இத்தனை விளக்கு பேச்சுக்கும் மேலே எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதுதான் காரியத்தைத் தீர்மானிக்கும். ராத்திரி மான் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும், விடியும்போது காட்டுக்குள் படுக்கத் திரும்பும். காலையில் வயலைக் குறுக்கே கடந்து பரணுக்குப் போனால் எந்த நிற விளக்கும் உங்களைக் காப்பாற்றாது, சுற்றி வளைத்து ஓடை வழியாகவோ காட்டுப் பக்கமாகவோ போங்கள், பத்து நிமிடம் கூட ஆனாலும் பரவாயில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று முந்தைய இரவே பாருங்கள். காற்றே இல்லாத காலையில், உதயத்துக்கு முன் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்துகொண்டிருக்கும், உங்கள் வாடையும் அதோடு இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும். அப்புறம் மெதுவாக நடங்கள். நாலு அடி, நிறுத்தம், மூன்று அடி, நிறுத்தம் என்று போங்கள், சீராகச் சரக் சரக் என்று இலையை மிதித்துப் போவது மனிதன் மட்டும்தான். கண்கள் மின்னும்போது நிற்காதே என்றேன், இது அதற்கு முன்னால், ஒன்றும் கண்ணில் படாதபோது. ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு லேசான சட்டையோடு நடந்து, பரணுக்கு வந்ததும் போட்டுக்கொண்டால் வேர்க்காது.

விளக்கே இல்லாமல் போகலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் சூழ்நிலையும் உண்டு. முழு நிலா, தரையில் பனி, நீங்கள் பலமுறை நடந்த பாதை, சுற்றி வேறு யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியும், அப்போது விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அணைத்தே போகலாம். இன்னொரு வழி, லேசாக வெளுக்கும்வரை காரிலேயே காத்திருந்து சாம்பல் வெளிச்சத்தில் நடப்பது, உதயத்துக்கு முக்கால் மணி முன்பே கால் வைக்கும் இடம் தெரிய ஆரம்பிக்கும். சீசனின் இரண்டாம் வாரத்தில், கூட்டம் குறைந்த பிறகு, நான் பல சமயம் அப்படித்தான் போகிறேன். முதல் நாள் முதல் தடவை போகிற உங்களுக்கு இரண்டுமே சரிவராது.

சாயங்காலம் திரும்புவது வேறு கணக்கு. சுடும் நேரம் முடிந்ததும் குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கயிற்றில் இறக்கிவிட்டு, விளக்கோடு இறங்குங்கள். முன்னால் வயலில் மான் நின்றுகொண்டிருந்தால் இறங்காதீர்கள், பரணிலிருந்து மனிதன் இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை அந்தப் பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வரும். நண்பருக்குச் செய்தி அனுப்பி அவர் வண்டியை அந்தப் பக்கம் ஓட்டி வரச் சொன்னால் மான்கள் வண்டிக்கு விலகிப் போகும், உங்கள் மேல் பழி விழாது.

மான் விழுந்து, இருட்டிய பிறகு இரத்தத் தடம் தேட வேண்டி வந்தால் அந்தச் சிவப்பு விளக்கைப் பையில் போட்டுவிடுங்கள். சிவப்பு வெளிச்சத்தில் இரத்தமும் காய்ந்த ஓக் இலையும் ஒரே நிறம், பக்கத்திலேயே சொட்டுச் சொட்டாகக் கிடந்தாலும் தாண்டிப் போய்விடுவீர்கள். துப்பாக்கியில் குண்டு இல்லாமல், இருக்கிறதிலேயே பிரகாசமான மஞ்சள் வெள்ளை விளக்கைத் தரைக்குக் கிட்டே சாய்வாகப் பிடியுங்கள், ஈர இரத்தம் பளபளக்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு டிஷ்யூ துண்டை வைத்துக்கொண்டே போனால் திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை கோடு போட்ட மாதிரித் தெரியும். இது இரத்தமா, மேப்பிள் இலையின் சிவப்புப் புள்ளியா என்று சந்தேகம் வந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் எடுத்துப் போய் அடித்துப் பாருங்கள், இரத்தமாக இருந்தால் நுரைக்கும்.